கேட்டில் கட்டிய பூளை

"...அப்பறம் கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க! அட, கொஞ்சம் அந்தப் பக்கம் நவுந்து உக்காருங்க, கம்பி குத்துது. மங்கலம் போற வரைக்கும் இந்த டவுன் பஸ்ஸு இப்பிடித்தான் உருட்டும்...

ஒச்சம்மான்னு ஒருத்திங்க, தெக்கத்திக்காரி. எங்கூட்டுக்காரரு நடத்தற பனியன் கம்பெனில எட்டு வருசமாத் துணியில பழுது பாக்கற செக்கிங்கு. போகியன்னைக்குக் கம்பெனி கேட்டுல காப்புக் கட்டறதுக்கு வேப்பந்தழை, ஆவாரம்பூ, சிறுபூளை கொண்டாடீன்னா, எதக் கொண்டாந்தாங்கறீங்க? பெரும்பூளைங்க! கேட்டா, 'இதுதாம்மா சிறுபூளை'ங்கறா. எனக்கே பாடம்! எங்கப்பன் ஊட்டுல பன்னெண்டு ஏக்கரா காடு தோட்டம். எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவ எனக்குப் பூளை காட்டறா!

அவ கையில இருந்து புடுங்கிச் சாக்கடையோரம் வீசிப்போட்டு, ரோட்டுல வித்தவங்கிட்ட நானே பாத்து வாங்கிக் கேட்டுல கட்டுனனுங்க. நாப்பது பேரு முன்னால, 'ஒரு செடியப் பாக்கத் தெரியாத கண்ணுக்குச் செக்கிங் வேலை எதுக்குடி?'ன்னு கேட்டேன். தப்புங்களா? பொங்கலுக்கு ஊருக்குப் போனவ, திரும்பி வந்து மங்கலத்துல வேற கம்பெனில சேந்துக்கிட்டா. ரோசம்!

இப்ப என்னடான்னா, புதுசா வந்ததுக ஓட்டை, கறை ஒண்ணும் பாக்காம பெட்டி கட்டி, சரக்கு முச்சூடும் திரும்பி வந்துருச்சு. இன்னொருக்கா வந்தா ஆர்டரே போயிருமாம். 'தொரத்துனவ நீதான, நீயே போய்க் கூட்டியா'ங்கறாரு எங்கூட்டுக்காரரு. நானா கெஞ்சறது? ரெண்டு பூளையும் கையோட கொண்டு போறேன். மூஞ்சிக்கு நேரா நீட்டி, தப்ப ஒத்துக்கிட்டு வேலைக்கு வாடீன்னு சொல்லிருவேன்.

வித்தியாசங்களா? எங்கம்மா சின்னதுலயே சொல்லிக் குடுத்ததுங்க. சிறுபூளைன்னா கணுவுக்குக் கணு, இலை இடுக்குல பூ ஒட்டிட்டிருக்கும். பெரும்பூளை நுனியில வாலாட்டம் நீட்டிட்டு நிக்கும். இருங்க, பிரிச்சே காட்டறேன். இது அவளுது, சாக்கடையோரம் காஞ்சு கெடந்துச்சு. இது நான் கட்டுனது, கேட்டுல இருந்து உருவியாந்தேன். பாருங்க, அவளுதுல பூவு நுனியில...

நுனியில...

எங்கீங்க? இடுக்குலதான் இருக்குது!

வாலாட்டம் நிக்கறது... இது என்னுதுங்களே. மாறிப் போச்சாட்ட இருக்குது. இல்லீங்களே, நாந்தான உருவுனேன்... காட்டுக்குள்ள எறங்கி நானு எங்கீங்க பறிச்சேன்? பண்ணையத்தாளுக பறிப்பாங்க, ஊட்டுக்குக் கட்டுக் கட்டாத்தான் வரும்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? மங்கலம் வந்துருச்சுங்களா? சித்த நில்லுங்க! நாப்பது பேரு முன்னால கேட்டுப்போட்டனுங்களே... அவகிட்டப் போயி நானு இப்ப என்னன்னுங்க சொல்லட்டும்?"