வாழையடியில் புதைத்த கேன்

பெயர் செல்லியம்மாள், வயது 49, கணவர் பெயர் காசிநாதன் (காலமானவர்), தொழில் விவசாயக் கூலி, கச்சிராயபாளையம் காட்டுக்கொட்டாயில் குடியிருப்பு. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். விசாரித்ததில் நான் சொல்வது:

மேற்படி வீட்டில் என் மகள் தேவிப்ரியா, மருமகன் பிரவீன்குமார் ஆகியோருடன் இருந்து வருகிறேன். மகள் ஏழு மாதக் கர்ப்பம். என் கணவர் மூன்று வருடத்துக்கு முன்பு பாக்கெட் சாராயம் குடித்துவிட்டு, கண் தெரியவில்லை என்று சொல்லி, மறுநாள் இறந்துபோனார். மருமகன் பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

இந்த மாதம் 11-ந் தேதி அவருக்கு கூரியரில் ஒரு பெட்டி வந்தது. என்னவென்று கேட்டதற்கு மகள் ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாததை யாரும் கூரியரில் அனுப்புவதில்லை என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. அதன் பிறகு மறுநாள் மருமகன் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே குண்டானில் எதையோ காய்ச்சினார். முளைகட்டிய கேழ்வரகு வேகும் வாசனை அடித்தது. ஆறிய பிறகு அதை இருபது லிட்டர் கேனில் ஊற்றி, அந்தப் பெட்டியில் வந்த ஒரு பொடியைத் தூவி, மூடியில் ஓட்டை போட்டு டியூப் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. சோறு வடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் என் காதில் விழுந்தது.

அதன் பிறகு 15-ந் தேதி கரும்பு வெட்டிவிட்டு வந்தபோது கேனைக் காணோம். தேடியதில் பின்பக்கம் வாழையடியில் புது மண் கிடந்தது. குழி தோண்டிக் கேனைக் கழுத்தளவு புதைத்து, மேலே கரும்புச் சோகை போட்டு மூடியிருந்தார். நான் மலைமேல் கரியாலூரில் பிறந்தவள். மலையில் சாராய ஊறலை இப்படித்தான் புதைப்பார்கள். உடனே மருமகனைக் கூப்பிட்டேன்.

"இன்னாங்க மாப்ள இது?" என்று கேட்டேன்.

"பீருங்க அத்தை. மொத தபா செய்யறேன். வூட்டுல சூடு ஜாஸ்தி, கெட்டுப்பூடும், அதான் மண்ணுல வெச்சேன்" என்றார். சோகை எதற்கு என்றதற்கு, வெயில் படக்கூடாது என்றார். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்ததால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதன் பிறகு 26-ந் தேதி ஞாயிறு மதியம் கேனை எடுத்து நடுவீட்டில் வைத்து, ஒரு டம்ளர் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார். நான் பிடுங்கி நானே குடித்துவிட்டேன். போனால் என் கண் போகட்டும் என்று நினைத்தேன். கசப்பும் புளிப்புமாக இருந்தது. யாரையும் தொடவிடாமல் கேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் காலண்டர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் வரை எழுத்து மங்கவில்லை. மறுநாள் காலையிலும் மங்கவில்லை.

"பாத்தீங்களா அத்தை, ஒண்ணும் ஆவல" என்று மருமகன் சிரித்தார். என் கணவரும் பல வருடம் இதையே சொல்லிச் சிரித்தவர்தான். அதன் பிறகு நான் ஸ்டேஷனுக்குப் போன் செய்து தகவல் சொன்னேன். யாரும் தூண்டிவிடவில்லை. போலீஸார் வந்து கேனை எடுத்துக்கொண்டு மருமகனையும் கூட்டிப்போனார்கள். அவர் நல்ல பிள்ளை, அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், அவள் கழுத்தில் தாலி இருக்கிறது.

இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னது, உண்மை. படித்துக்காட்டவா என்று ஏட்டய்யா கேட்டார். கண் நன்றாகத் தெரிவதால் நானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கா. செல்லியம்மாள்