மூன்று தண்ணீர்

நெத்திலிக் கருவாட்டை உப்புப் போக மூன்று தண்ணீரில் அலச வேண்டும், மேடம். காசிமேட்டில் இருபது வருடமாகக் கருவாடு விற்கிறேன். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் கொடுத்ததில்லை.

என் புருஷன் எத்திராஜ் விசைப்படகு ஓட்டியவர். கடலில் பத்து நாள், கரைக்கு வந்தால் அதட்டல். சிறுநீரகம் இரண்டும் போனபிறகு வாரம் மூன்று நாள் திருவொற்றியூரில் டயாலிசிஸ். போன வருடம் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் உதயா, இதயம் வீங்கிவிட்டது, பாதி வேலைதான் செய்கிறது என்றார். உடம்பில் தேங்குகிற தண்ணீரைச் சுமந்தே டயாலிசிஸ்காரர்களின் இதயம் ஓய்ந்துபோகுமாம். உப்பையும் தண்ணீரையும் குறைத்தால் தேறும், தேறினால் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றார்.

என் ரத்தம் சேராது என்று சொல்லிவிட்டார்கள். நான் கொடுக்கிறேன் என்று மகன் வெற்றி முன்னால் போய் நின்றான். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், வயது இருபத்தாறு. அவனை அறுக்கலாமா என்று பெற்றவளை யாரும் கேட்கவில்லை.

அவர் வாயைக் கட்டினார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், அதையும் பாட்டில் மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். மூன்று மாதத்தில் இதயம் தேற ஆரம்பித்தது. அடுத்த எக்கோ நன்றாக வந்தால் ஆபரேஷன் என்றார்கள். அந்த வாரம்தான் கருவாடு வறுத்தேன்.

"உப்பு பூட்ச்சா மே?" என்று கேட்டார்.

"மூணு தண்ணி அலசிட்டேன். துன்னுய்யா."

ஒரு தண்ணீர்கூட அலசவில்லை.

பிறகு தாகம். அதட்டியே பழகிய மனிதர், சொம்பைப் பார்த்துக் கெஞ்சினார். "ஒரே வாய் குடுமே. உன் காலப் புட்ச்சி கேக்கறேன்." கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். மறுநாள் எடை நாலு கிலோ ஏறியிருந்தது. டயாலிசிஸ் நர்ஸ் திட்டியபோது, தப்பு தன்னுடையதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார். எக்கோவில் இதயம் பழையபடி வீங்கியிருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. அதற்கப்புறம் எக்கோ வரும் வாரமெல்லாம் வறுத்தேன்.

மாசியில் ஒரு நாள் காலை படுக்க முடியாமல் மூச்சு வாங்கினார். டயாலிசிஸுக்குப் போகும் வழியிலேயே, ஆட்டோவில், என் தோளில் சாய்ந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்த வெற்றி, சட்டியில் மிச்சமிருந்த கருவாட்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தான். ஒரே உப்பு. நேரே ஸ்டேஷனுக்குப் போனான். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நான் விஷம் வைக்கவில்லை. ஊரே தின்கிற பண்டத்தைத்தான் வைத்தேன். என் பிள்ளை முழுசாக இருக்கிறான். இன்றைக்கு அவன் என் கையால் ஒரு வாய் சாப்பிடுவதில்லை, சாப்பிட வேண்டாம். நாளைக்கே அவன் உடம்பில் யாராவது கத்தி வைக்க வந்தால் மறுபடியும் இதையே செய்வேன். பெற்றவள் எவளும் செய்வாள்.

தேதி கேட்கிறீர்கள். சொல்கிறேன். வெற்றிக்குச் சர்க்கரை இருக்கிறது, அவனுடையதை எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னது தை மாதம் முதல் வாரம். இறந்தவர் யாருடையதாவது கிடைக்கும், பெயர் பதிந்தாயிற்று, இதயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆமாம், நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு, எக்கோ இல்லாத வாரங்களையும் சேர்த்து, வறுத்தது ஏழு முறை.

அதுவும் வெற்றிக்காகத்தான், மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.