நாற்பத்தோராம் எண் ஊற்றிய பால்

மத்தியானம் இரண்டரை மணி. சமயநல்லூரைத் தாண்டி மேற்கே பிரியும் சாலை. சித்திரை வெயில். ஒரு காக்கை கூட இல்லை... மாதங்கி ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

“பகல்லயா? பேய்க் கதைன்னு சொல்லித்தானக்கா எங்க எல்லாரையும் மொட்டமாடிக்கு ஏத்துன?” என்றாள் கீழ்வீட்டுச் சுபலட்சுமி.

“பேசாமக் கேளுடி. கரண்டு வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்” என்றேன்.

மாதங்கி என் தோழி ஸ்யாமளாவின் நாத்தனார். தல்லாகுளத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை. கிராமத்துப் பால் நிலையங்களில் கையடக்கமாக ஒரு மெஷின் வைத்திருப்பார்களே... யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று பதிகிற மெஷின். அதன் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. நிஜ மெஷினில் அல்ல. கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு போலி மெஷின். அதற்குள் ஒரு போலி மெமரி கார்டு. கார்டு போல நடிக்கிற ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

அந்த ஃபைல் நான்கு நாட்களாக நடிக்க மறுத்தது. என்ன செய்தாலும் ‘கார்டு இல்லை’. வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்யாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. வீட்டிலோ ஐந்து மாதக் கைக்குழந்தை. பவுடர் பால் கொடுத்தால் துப்பிவிடும். தினமும் மத்தியானம் அலுவலகப் பாத்ரூமில் நின்று தாய்ப்பாலைப் பீய்ச்சி வைப்பாள். கணவன் கிரிதர் வந்து வாங்கிப்போவான். மாமியார் பாலாடையில் புகட்டுவார். குழந்தைக்கு அது ஒன்றுதான் ஆகாரம்.

நிஜக் கார்டு ஒன்றை அப்படியே பிரதி எடுத்தால் போலி மெஷின் ஏமாறும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குத்தான் அந்தப் பயணம்.

பால் நிலையத்தில் செயலாளர் கருத்தக்கண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து கார்டை எடுத்தார். “மூணு வருசத்துக்கு முந்துன பழைய மெசினோடது, தாயி. மெசினு பால்கேனுக்குள்ள விழுந்து கெடந்துச்சு. ரெண்டு நாக் கழிச்சு நாத்தம் எடுத்த பொறவுதான் தெரிஞ்சுச்சு.”

கார்டின் மேல் மஞ்சளாக ஏடு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். தோல் போல உரிந்து வந்தது. மூன்று வருடப் பழசு... ஆனால் அடியில் ஈரம். நகக்கண்ணுக்குள் பிசுபிசுவென்று ஏறியது. லேப்டாப்பில் அங்கேயே பிரதி எடுத்தாள். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் போலி மெஷின் அந்த ஃபைலை உடனே ஏற்றுக்கொண்டது.

“ஊர்க்காரங்க பேரையெல்லாம் மொதல்ல அழிச்சிருங்க மேடம். அதானே நம்ம முறை” என்றான் பக்கத்து மேஜை ஸ்ரீகுமார்.

“கைய வச்சா மறுபடி ‘கார்டு இல்லை’ன்னு முரண்டு பிடிக்கும். இருந்துட்டுப் போகட்டும்.”

அன்று மத்தியானம் பாத்ரூமில் சில சொட்டுகள்தான் வந்தன. அலைச்சல் என்று நினைத்தாள். திரும்பி வந்து திரையைப் பார்த்தால், அவள் பதியாத ஒரு பதிவு. உறுப்பினர் 41. தங்கப்பொண்ணு. 200 மில்லி. நேரம் இரண்டரை. அந்த நேரத்தில் எந்த ஊரிலும் பால் வாங்கமாட்டார்கள். அழித்தாள்.

அடுத்த நாள் ஒரு சொட்டுகூட வரவில்லை. திரையில் 41... 300 மில்லி. கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஃபைலில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டினாள். மேஜையைச் சுற்றிப் புளித்த வாடை. குப்பைத்தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை... கை மட்டும் பிசுபிசுத்தது.

வீட்டிலிருந்து மாமியாரின் போன். “கொழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுத்துடி. எதைக் குடுத்தாலும் துப்பறது.”

வெள்ளிக்கிழமை. மத்தியானம் அவள் பாத்ரூமுக்குப் போகவில்லை. திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டரை.

மார்பில் சுருக்கென்று ஓர் இழுப்பு. பிள்ளை இழுப்பது போல இல்லை. விரல்கள்... மாட்டுக் காம்பைப் பிடித்துக் கறக்கிற, காய்ப்பேறிய விரல்கள். திரையில் பூட்டிய ஃபைலில் எண் ஏறியது. 10... 20... 30... சொர்ர்... சொர்ரென்று தகரத்தில் விழுகிற சத்தம். அழுகிய பாலின் வாடை தொண்டைக்குள் இறங்கியது. வாயில் கொழகொழவென்று எச்சில் ஊறியது. குனிந்து குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டாள். “அண்ணே... நாப்பத்தொண்ணு யாரு?”

அவர் போனோடு வாசலுக்கு நடக்கிற செருப்புச் சத்தம்.

“தங்கப்பொண்ணு... அதோட மாடு செத்துப்போச்சு தாயி. அப்புறமும் தெனமும் கொஞ்சூண்டு பால் கொண்டாந்து ஊத்துச்சு. மாடில்லாம ஏது பாலுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. கைப்பிள்ளக்காரி. பிள்ள வத்திப்போயி செத்த அன்னைக்குத்தான்... எங்களுக்கு வெளங்குச்சு. அம்புட்டு நாளும் அந்தப் பாலை எல்லாப் பாலோடயும் கலந்துதான் அனுப்புனோம்.” காறித் துப்பும் சத்தம் கேட்டது. “மெசினு கெடந்ததும் அது ஊத்துன கேன்லதான்.”

“இப்ப எங்க அவங்க?”

“அதுவும் அந்த மாசமே போய்ச் சேந்துருச்சு.”

மாதங்கி ஃபைலை அழித்தாள். பிரதியை அழித்தாள். பிரதியின் பிரதியையும் அழித்தாள். திரையில் ‘கார்டு இல்லை’ என்று வந்தது. வேலை போனது போனதுதான். ஸ்ரீகுமார் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. மடியில் போட்டுக்கொண்டாள். பால் இல்லை என்று தெரியும்... ஆறுதலுக்காவது இருக்கட்டும் என்று வாயில் வைத்தாள்.

மடக்.

மடக்... மடக்...

குழந்தை கண்ணை மூடி விழுங்க ஆரம்பித்தது. “குடிக்கறதுடி! பெருமாளே!” என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மாதங்கி மார்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். காலிப் பைபோலச் சுருங்கிக் கிடந்தது. அவளிடமிருந்து எதுவும் இறங்கவில்லை. குழந்தை விழுங்கிக்கொண்டேயிருந்தது.

கடைவாயில் வழிந்ததை மாமியார் விரலால் வழித்தார். அலுவலகத்தில் அடித்த அதே புளித்த வாடை. விரலைப் பார்த்தார்...

“என்னடி இது? ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கு?”