வெள்ளைக் கோட்டு

வெள்ளைக் கோட்டு எனக்குப் பொருந்துவதே இல்லை. தோளில் பிடிக்கும். ஆனாலும் வார்டுக்குள் நுழைகிற எல்லாரும் அணிய வேண்டும் என்பது மேட்ரன் அம்மாவின் கட்டளை. மருத்துவ மானிடவியல் படிக்க வந்த நானும் அதற்குத் தப்பவில்லை.

மலேசியாவில், கிள்ளானின் அந்த ஆஸ்பத்திரியில் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் அங்கே தோட்டத்து நோயாளி தமிழில் சொல்வதை அட்டெண்டன் கன்னையா மலாய் மொழியில் சுருக்குவார். தாதி அதை ஆங்கிலத்தில் இன்னும் சுருக்கி டாக்டரிடம் சேர்ப்பார். இவர்கள் கூடி வேலை செய்கையில் பேச்சு எங்கே அறுந்துபோகிறது என்பதுதான் என் ஆய்வு. அப்படி அறுவதை முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

அய்யாவு பந்திங் பக்கம் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். காலில் முள் குத்திச் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு வந்திருந்தார். அவர் மனைவி லெட்சுமி என் கோட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"டாக்டர், இவருக்கு பென்சிலின் ஊசி ஆகாதுங்க. தோட்டத்து கிளினிக்ல ஒரு தடவ போட்டு மூச்சே நின்னுபோச்சு."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருவர் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிடும்போது மறுக்க எனக்கு வராது.

"மிஸ்ஸிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள்.

மிஸ்ஸி என்று அவள் சொன்ன தாதியின் காதில் விழுந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. "நீங்க உட்காருங்கம்மா, நான் சொல்லிடறேன்" என்றேன்.

கன்னையா தன் கடமையைச் செய்தார். ஆகாத மருந்து ஏதும் உண்டா என்று கேட்டார். "டாக்டர்கிட்ட சொல்லியாச்சுண்ணே" என்றாள் லெட்சுமி. டாக்டரிடம் சொன்னதைத் தான் மறுபடி சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். "டாக்டருக்குத் தெரியுமாம்" என்று மட்டும் தாதியிடம் சொன்னார். எனக்கு உள்ளூரச் சிலிர்த்தது.

தாதி ஊசியோடு வந்தபோது லெட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அய்யாவு மூச்சுக்குத் தவித்தபடி என் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு பொத்தான் அறுந்து விழுந்தது. டாக்டர் ஓடிவந்தும் பயனில்லை. நான் வருந்தினேன், உண்மையாகவே வருந்தினேன்.

விசாரணையில் நடுநிலையாளன் என்று என்னையும் கேட்டார்கள். லெட்சுமியை யாரும் கேட்கவில்லை. கன்னையா சுருக்கிச் சொன்னதைச் சொன்னேன். அது பொய் இல்லையே. அவருக்கு வேலை போயிற்று. அந்த ஆய்வைத்தான் இன்று தாதிகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

லெட்சுமிக்கு என்மேல் எந்தக் குறையும் இல்லை. தீபாவளிக்குத் தவறாமல் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு முறுக்கு கொண்டுவருவாள். "அத்தன பேர்ல நீங்க ஒருத்தர்தான் டாக்டர், நான் சொன்னத காதுல வாங்கினது" என்பாள்.

அவள் பொய் பேசத் தெரியாதவள். சந்தேகம் இருந்தால் நீங்களே கேட்டுப் பாருங்கள்.