பார்வைக்குக் கனமா ஒரு பை

இல்ல இல்ல, அந்தப் பையை எடுத்த இடத்துலயே மாட்டி வச்சிரும்மா. எங்க பார்த்தாலும் ஜிப்பு. எதைத் திறந்தா எது வரும்னே தெரியாது. சோப்பு எடுக்கப் போனா சாக்ஸ் வரும். மலை மேல நின்னுகிட்டு பையோட கண்ணாமூச்சி ஆடவா முடியும்? எனக்கு ஒரே வாய், உள்ள ஆழமா ஒரே குழி, மேல இழுத்துக் கட்ட ஒரு கயிறு, அவ்ளோ போதும். ஆமா, அந்தச் சாம்பல் கலரு. அதைக் கொடு. ஐயோ, என்ன இது, கையில இருக்கறதே தெரியலையே! துணியா, காகிதமா?

இரு, தையலைப் பார்த்துக்கறேன். சிரிக்காத. நான் சோஃபா கவர் தைக்கிறவ. கார் சீட்டு, சோஃபா, நாற்காலி மெத்தை, எதைக் கொண்டு வந்தாலும் உரிச்சுப் போட்டுத் திரும்பத் தச்சுருவேன். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போனப்போ, அவங்க உள்ள காபி போடறதுக்குள்ள அவங்க சோஃபாவைத் தலைகீழாப் புரட்டிப் பார்த்தவ நான். என் பொண்ணு இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவா. இங்க பாரு, தோள் பட்டை வந்து சேர்ற இடத்துல குறுக்கயும் ஓட்டி, நெடுக்கயும் ஓட்டியிருக்கான். நல்ல வேலைக்காரன். இது என் பை. முடிஞ்சுது.

எவ்ளோ தூரமா? அதோ உங்க சுவத்துல பெருசா படம் மாட்டி வச்சிருக்கீங்களே, அந்தப் பாதைதான். இந்தக் கோடியில ஏறி அந்தக் கோடியில இறங்கறது. வாயை மூடும்மா, ஈ போயிரப் போகுது. ஓடியா போகப் போறோம்? முடிஞ்சவரைக்கும் நடக்கறது, இருட்டறதுக்குள்ள கூடாரம் போடறது, வழியில குடிசை கெடைச்சா அதுல படுத்துக்கறது. எங்களுக்கு இது புதுசு இல்ல. கல்யாணம் ஆனதுலேருந்து லீவு விட்டா மலைதான். இந்தப் பாதை மட்டும்தான் பாக்கி.

வெயிட்டுல எல்லாம் நான் ரொம்ப கறார். பல் தேய்க்கிற பிரஷ்ஷு காம்பைப் பாதியா வெட்டிட்டேன். டவலைக் கைக்குட்டை சைஸுக்கு வெட்டி ஓரம் அடிச்சாச்சு. சட்டையில இருந்த லேபிளைக்கூடப் பிரிச்சு எடுத்துட்டேன். எங்க பொண்ணு பார்த்துட்டு, ஏம்மா, நீ மலைக்குப் போறியா இல்ல ராக்கெட்டுல போறியான்னு கேக்கறா. அவளுக்கென்ன, லிஃப்ட் இருக்கற வீட்டுல இருக்கா.

இதுக்குள்ள என்ன போகணுமா? கூடாரம், அடுப்பு, பாத்திரம், சாப்பாட்டு சாமான், தண்ணி, மருந்து டப்பா. ஆமா, எல்லாம் இதுலயேதான். ஆமாம்மா, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். எங்க வீட்டுக்காரரும் நானும். அப்போ அவரு பையில என்ன போகும்னு கேக்கறியா? அப்படிக் கேளு. அதுக்குத்தான் வந்திருக்கேன். அவரு வண்டியை நிறுத்த எடம் தேடிக்கிட்டிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள இதை முடிச்சாகணும்.

அவருக்கு ஒரு பை வேணும். பெருசா இருக்கணும். பார்க்கறவன், யப்பா எவ்ளோ தூக்கிட்டுப் போறாரு இந்த மனுஷன்னு சொல்லணும். ஆனா வெயிட்டு இருக்கவே கூடாது. இதைவிட லேசா இருந்தாலும் சந்தோஷம். என்ன முழிக்கிற? உங்க கடையில எல்லாரும் வந்து, உள்ள நிறையப் பிடிக்கணும், வெளிய சின்னதா தெரியணும்னுதான் கேப்பாங்க. நான் தலைகீழாக் கேக்கறேன், அவ்ளோதானே. தேடிப் பாரு.

இது வேணாம். வாடின கத்திரிக்கா மாதிரி தொங்குது. அவரு முதுகு இவ்ளோ அகலம், இந்தக் கதவு மாதிரி. இதை மாட்டினா ஏதோ ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் கம்பி வச்சு நிக்குதே, அந்தப் பச்சை, அதை எடு. அட, இது பரவாயில்லையே. காலியா இருக்கும்போதே விறைப்பா நிக்குது. இதுக்குள்ள, நாங்க உள்ள புகுந்து தூங்கற பை ரெண்டையும் அமுக்காம அப்படியே உப்பலா வச்சிரலாம். ஸ்பாஞ்சுப் படுக்கையைச் சுருட்டி அடியில கட்டிரலாம். மேல அவரு குளிர் கோட்டு. பார்த்தா மூட்டை, தூக்கினா பஞ்சு.

ஏன் இப்படின்னா, அவரைப் பத்திச் சொன்னாத்தான் உனக்குப் புரியும். வீடு மாத்தறாங்க இல்ல, அந்தக் கம்பெனியில சாமான் தூக்கற வேலை. கூட இருக்கறவங்க வச்ச பேரு கிரேன். ஃப்ரிட்ஜைப் பெல்ட்டு போட்டு முதுகுல ஏத்திக்கிட்டு, படிக்கட்டு திரும்பற இடத்துல ஒரு கோடு விழாமத் திருப்பிக் கொண்டு போவாரு. நாங்க பார்த்துக்கிட்டதே ஒரு சோஃபாவாலதான். எங்க பட்டறை அப்போ மாடியில இருந்துச்சு. ஒத்தை ஆளா முதுகுல சோஃபாவோட மேல வந்து நின்னு, எங்க வைக்கட்டும்னு கேட்டாரு. நான் ஜன்னலாண்ட வைங்கன்னேன். வச்சாரு. இல்ல, சுவரோரமா வைங்கன்னேன். தூக்கினாரு. அப்புறம் மறுபடியும் ஜன்னலாண்டன்னேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலியே! கடைசியா, உங்களுக்கு இதை எங்க வைக்கறதுன்னு தெரியலையா, இல்ல என்னை அனுப்ப மனசு வரலையான்னு கேட்டாரு. தூக்கற ஆளுக்கு வாயும் உண்டுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

மலைக்குப் போனாலும் அதே கதைதான். எல்லா மூட்டையும் அவரு முதுகுல. நான் ஒரு தொப்பியைப் போட்டுக்கிட்டு, கையை வீசிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டுப் போவேன். என் தண்ணி பாட்டிலைக்கூட அவருதான் வச்சிருப்பாரு. கொடுங்க நான் தூக்கறேன்னா, நீ பாட்டைத் தூக்கிட்டு வா, அதுவே கனமாத்தான் இருக்குன்னுவாரு. என் குரல் அப்படி.

இப்போ என்னன்னா, பை இல்லாம வர மாட்டேங்கறாரு. பொண்டாட்டி சுமக்க, நான் பின்னால கையை வீசிட்டு வரணுமா, அதுக்கு இந்த நாற்காலியே போதும்னு உட்கார்ந்துட்டாரு. அவரை எப்படியாவது அந்தப் பாதைக்குக் கூட்டிட்டுப் போயிரணும்மா. நெஞ்சுக்குள்ள அது ஒண்ணுதான் ஓடிக்கிட்டிருக்கு.

கூலிக்கு ஆளு வச்சுக்கலாமா? நல்லா சொன்ன போ. இன்னொருத்தன் தூக்கறதைப் பார்த்துக்கிட்டே அவரு நடக்கறதா? அதுக்கு என்னையே தூக்கவிட்டிருவாரு.

முதல்ல நானா ஒரு வேலை பண்ணிப் பார்த்தேன். பழைய பைக்குள்ள தலகாணியைத் திணிச்சு, எங்க பட்டறை ஸ்பாஞ்சை வெட்டி ஓரத்துல சொருகி, அவ்ளோ அழகா மூட்டை கட்டி வாசல்ல வச்சேன். உங்க பை ரெடி, மாட்டிப் பாருங்கன்னேன். யாருகிட்ட? பெட்டியோட ஒரு மூலையை ஒரு விரலால நெம்பிப் பார்த்துட்டு, இது புஸ்தகம், இது பாத்திரம், இதுல ஏதோ உடைஞ்சு கெடக்குன்னு சொல்ற ஆளுகிட்ட! வந்தாரு. பட்டையில ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினாரு. தலகாணியான்னு கேட்டாரு. மெதுவா, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கற மாதிரி, கீழ வச்சிட்டு உள்ள போயிட்டாரு. ஒரு சத்தம் போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அன்னைக்கு அந்தத் தலகாணியை எல்லாம் வெளிய எடுக்கும்போது எனக்கு அழுகையே வந்துருச்சு.

சரி விடு. இங்க வா, அந்தக் கல்லு மேடு போட்டு வச்சிருக்கீங்களே, ஷூ போட்டு ஏறிப் பார்க்கறதுக்கு, அதுல நான் ஏறிப் பார்க்கறேன். என் பைக்குள்ள, வெயிட்டு பார்க்க வச்சிருக்கீங்களே, அந்த மணல் மூட்டையைப் போடு. இன்னொண்ணும் போடு. போடும்மா, மெத்தையை ஆணி அடிச்சு இழுத்துக் கட்டற தோள் இது, ஒண்ணும் ஆகாது. அம்மாடி! சரி, கொஞ்சம் ஆகுது. இரு, நீ என்னமோ இடுப்புப் பட்டையை இறுக்கற? ஓ. ஓஹோ. அட, எங்கம்மா போச்சு வெயிட்டு? தோள்ல ஒண்ணுமே இல்லையே!

திரும்பச் சொல்லு, மெதுவாச் சொல்லு. பாரம் பூரா இடுப்புல இறங்கிடும், தோளு சும்மா பிடிச்சுக்கத்தான், அதனால உள்ள எவ்ளோ இருந்தாலும் கனமே தெரியாது. அவ்ளோதானே? அந்தப் பச்சைப் பையிலயும் இதே பட்டைதானே? இதைவிட அகலமாவா! போதும். இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இதை அப்படியே அவருகிட்டச் சொல்லணும் நீ. உள்ள பாதிச் சாமான் இருக்கு, ஆனா இந்தப் பையோட வேலைப்பாடு அப்படி, கனமே தெரியாதுன்னு சொல்லணும்.

பொய்யில்ல பாப்பா. பாதிப் பொய். மீதி நீயே இப்போ சொன்னதுதானே.

என்ன ஆச்சு அவருக்குன்னா கேக்கற? நெஞ்சுதான். ஒரு வாஷிங் மெஷினோட படியில ஏறும்போது வந்துச்சு. அப்பவும் அதைப் பத்திரமா இறக்கி வச்சிட்டுத்தான் விழுந்தாரு. நடக்கலாம், எவ்ளோ வேணும்னாலும் மெதுவா நடக்கலாம், நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தூக்கத்தான் கூடாது. இனிமே எதையுமே கூடாது. அன்னையிலேருந்து அந்த நாற்காலிதான். மலையில நடந்தா ஏதாவது ஆயிருமோன்னு எனக்குப் பயம் இல்லாம இல்ல. ஆனா அந்த நாற்காலியைப் பார்த்தா அதைவிடப் பயமா இருக்கு.

கண்டுபிடிக்க மாட்டாரான்னு கேக்கறியா? கண்டுபிடிப்பாரு. தூக்கின அடுத்த நிமிஷம் கண்டுபிடிச்சிருவாரு. அவருக்குத் தெரியாத வெயிட்டா? உன்னை நம்பவும் மாட்டாரு, என்னை நம்பவும் மாட்டாரு. ஆனா தலகாணியைக் கட்டி வச்சப்போ நான் அவருக்கு ஒரு சாக்கு வைக்கலை பாரு, அதான் நான் பண்ணின தப்பு. கடைக்காரப் பொண்ணு சொல்லிருச்சு, புது மாதிரிப் பை, கனம் தெரியாதாம்னு நாளைக்கு அவரு நாலு பேருகிட்டச் சொல்லிக்கணும் இல்லையா? என்கிட்டயும் சொல்லிக்கணும். நானும் அப்படியாங்கன்னு கேட்டுக்கணும். அது போதும் எங்களுக்கு.

இந்தா, இந்த மணல் மூட்டையை எடுத்து மறைச்சு வை. அதோ, கண்ணாடிக் கதவாண்ட வர்றாரு பாரு, நீலச் சட்டை. தோள்ல மாட்டியிருக்காரே, அது என் கைப்பை. நான் வண்டியிலேயே மறந்துட்டு வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கொண்டு வர்றாரு. டெய்லி எதையாவது ஒண்ணை இப்படி மறக்கறதே எனக்குப் பெரிய வேலையாப் போச்சு.

என்னங்க, இங்க, இங்க வாங்க! அடடா, பையை விட்டுட்டா வந்தேன்? நல்லவேளை தூக்கிட்டு வந்தீங்க. இந்தப் பொண்ணு பச்சைப் பையைக் காட்டி என்னமோ இடுப்புங்குது, தோளுங்குது, எனக்கு ஒரு எழவும் புரியல. நீங்களே கேளுங்க.

ம், சொல்லும்மா.