கடைசி ஓவரும் சனிக்கிழமை டூட்டியும்

தம் உணவகத்தின் மாடியை நமக்குத் திறந்துவிட்டு, வந்தவருக்கெல்லாம் இஞ்சித் தேநீரும் தந்து, "மைக்கைக் கடிக்காம பேசுங்க மாயாண்டி" என்று எனக்கு மட்டும் தனியாக ஓர் அறிவுரையும் தந்திருக்கிற அவைத்தலைவர், அண்ணன் கலீலுர் ரஹ்மான் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! வாரம் முழுவதும் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் வெந்து, கிடைத்த அரைநாள் விடுப்பையும் நம் அணிக்காக அள்ளித் தந்து வந்திருக்கிற தாய்மார்களே! வடிவு அக்கா அவர்களே! தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் தாவிக் குதித்து வந்திருக்கும் தம்பிமார்களே! குவைத்தின் மங்காஃப் மின்னல் அணியின் மானமே தன் மானம் என்று வாழும் மாபெரும் ரசிகர் கூட்டமே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கம்பி கட்டும் தொழிலாளி மாயாண்டியின் வணக்கம்!

என்ன தம்பி? கேம்ப் பஸ் எட்டு மணிக்குப் போய்விடுமா? தெரியும் அப்பா. நானும் அதே பஸ்தான். டிரைவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பயப்படாதே!

அன்புடையீர்! நாளைக் காலை ஆறு மணிக்கு இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டம். மூன்றில் இரண்டு வென்றவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தைப் பக்கத்து ஊர் ஃபஹாஹீல் புயல் அணி தட்டிக்கொண்டு போய்விட்டது. நாளையும் தோற்றால் கோப்பை போய்விடும். இந்த நேரத்தில்தான் நம் மேனேஜர் கதிர்காமுவை நீக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. தொண்ணூற்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து யாருடையது? என்னுடையது! அதை முன்மொழியத்தான் என்னை மேடைக்கு அழைத்திருக்கிறார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததை மறப்போமா? மறக்க முடியுமா? பன்னிரண்டு ஓவர் ஆட்டம். எதிரணிக்குக் கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டும். நம்மிடம் யார் இருக்கிறான்? மணிமாறன் இருக்கிறான்! இரண்டே ஓவரில் மூன்று விக்கெட்டைச் சாய்த்த மணிமாறன்! டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்தால் எதிரே நிற்பவன் கால் நடுங்குகிற மணிமாறன்! இன்னும் ஓர் ஓவர் அவனுக்குப் பாக்கி இருக்கிறது. பந்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறான். நாம் எழுந்து நிற்கிறோம். அப்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற மேனேஜர் கையை அசைத்தார். மணிமாறன் பந்தைக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நகர்ந்தான். பந்து போனது செய்கு முகம்மதுவிடம்! சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற நம் தம்பி செய்கு முகம்மதுவிடம்! நான்காவது பந்து, ஆறு. ஐந்தாவது பந்து, ஆறு. ஆட்டம் கலாஸ்!

அன்று மைதானத்தில் யார் வாய்தான் சும்மா இருந்தது? "இந்த மேனேஜருக்குக் கண்ணு தெரியலையா?" என்றார் ஒருவர். போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த வடிவு அக்கா, "அந்த ஆளை மாத்துங்கய்யா, எனக்கு பிரஷர் ஏறுது" என்று குரல் பதிவே அனுப்பினார். சுழற்பந்து வீசும் நம் யாழ்ப்பாணத்துத் தம்பி பிரதீஸ் ஒரு பக்கம், "எனக்காவது தந்திருக்கலாமே அண்ணை, நான் என்ன சும்மாவோ நிண்டனான்?" என்று பொருமினான். எல்லோரையும்விட அதிகம் கத்தியவன் நான். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதைத் தாய்மார்கள் இருக்கிற அவையில் சொல்ல மாட்டேன்.

கதிர்காமு யார்? மலையகத்திலிருந்து வந்தவர். எங்கள் சைட்டில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவது அவர் வேலை. அணி தேர்வு செய்யும்போதும் அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. ஊரில் உள்ள மேனேஜரெல்லாம் பந்து வீசுகிறவனைப் பார்த்து, "கை எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். இவர் என்ன கேட்பார்? "சனிக்கிழமை என்ன டூட்டி?" என்று கேட்பார்! அதைச் சொல்லிச் சொல்லி நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம்! வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கும் சனிக்கிழமை டூட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அதை நான் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

மணிமாறனுக்கு என்ன வேலை? சாரம் கட்டும் வேலை. அன்று கீழிருந்து மேலே இருபதடி பைப்புகளைக் காப்புக் கயிறு கட்டிக் கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணிமாறன் இரண்டாம் தட்டில் நிற்கிறான். நேர் கீழே கம்பி கட்டிக்கொண்டிருப்பது நாங்கள் ஏழு பேர். பைப் வந்தது. அவன் வாங்கினான். தலைக்கு மேல் தூக்கப் போனான். தூக்க முடியவில்லை! வலது தோள் பூட்டிக்கொண்டது. பைப் நழுவியது. "பாய், பக்கடோ! பக்கடோ!" பிடி, பிடி என்று இந்தியில் ஒரு அலறல். மேல் தட்டில் நின்ற பீகார்க்காரர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். என் ஹெல்மெட்டுக்கு ஒரு முழம் மேலே அந்தப் பைப் நின்று ஆடியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். என் உயிர் என் தலைக்கு மேல் ஆடுவதை நானே பார்த்தேன், தோழர்களே!

இரண்டு ஓவர் போட்ட தோளுக்கே இந்தக் கதி. மூன்றாவது ஓவர் போட்டிருந்தால்? நான் கேட்டேனே, தொண்டை கிழியக் கேட்டேனே, அந்த மூன்றாவது ஓவர்! அதை நம் மேனேஜர் கொடுத்திருந்தால், இன்று இந்த மேடையில் என் பெயரைச் சொல்லி நீங்கள் எழுந்து நின்று மௌனம் காத்திருப்பீர்கள்.

கம்பியைப் போட்டுவிட்டு நேரே டைம் ஆபீசுக்குப் போனேன். "யோவ் கதிர்காமு, உனக்கு முன்னாடியே தெரியுமாய்யா?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தெரியும்ணே. புதனும் வியாழனும் அவன் இரட்டை டூட்டி. தோள் வலிக்குதுன்னு என்னைய நம்பித்தான் சொன்னான். ஃபோர்மேன் காதுல விழுந்தா ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்கன்னு அழுதான். அதான் ரெண்டு ஓவரோட நிப்பாட்டுனேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? அந்த ஏச்சு ஏசுனோமே!"

"ஏசினா எனக்குத் தோளு வலிக்காதேண்ணே" என்றார் அந்த மனிதர்.

எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது! கீழே நின்றவன் நான். மணிமாறன் கையிலிருந்து பந்தை வாங்கியவர், பைப்பையும் வாங்கியிருக்க வேண்டாமா? அதைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "அது என் பிழைதான்ணே. ஆட்டத்தைப் பார்த்த நான் வேலையைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார். அந்த நிமிடமே மணிமாறனைக் கூட்டிக்கொண்டு சேஃப்டி ஆபீசரிடம் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னார். ஊருக்கு ஏற்றவில்லை. தோள் ஆறும்வரை ஸ்டோரில் வேலை. இதையெல்லாம் அவையில் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னவனே மணிமாறன்தான். எங்கே தம்பி? எழுந்து நில். கையைத் தூக்காதே! நில், போதும்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் இன்னொருவனிடம் நாம் கேட்க வேண்டிய மன்னிப்பு இருக்கிறது. செய்கு முகம்மது! அந்த ஓவரின் முதல் மூன்று பந்தில் எத்தனை ரன் கொடுத்தான்? யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒன்றும் இல்லை! ஒரு ரன்கூட இல்லை! அந்த மூன்று பந்தை நாம் பார்க்கவே இல்லை. அடுத்த இரண்டு பந்தை இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆறு நாளாக அவன் நம் மெஸ் பக்கமே வரவில்லை. இன்றும் கதவோரம்தான் நிற்கிறான். தம்பி, உன்னை அன்று நான் பேசிய பேச்சுக்கு இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். உள்ளே வா. வடிவு அக்கா, அவனுக்கு ஒரு இடம் விடுங்கள்.

ஆகவே, அவைத்தலைவர் அவர்களே! நான் முன்மொழிய வந்த தீர்மானத்தை முன்மொழிய மாட்டேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். மீதி தொண்ணூற்று இரண்டு பேரையும் கேட்கிறேன். சனிக்கிழமை நாம் உயிரோடு வேலைக்குப் போக வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே நினைக்கிற ஒரு மேனேஜர் நமக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமா, வேண்டாமா? சத்தம் போதவில்லை! ஃபஹாஹீலுக்குக் கேட்க வேண்டாமா?

என்ன பிரதீஸ்? "ஓம் அண்ணை, வேணும்" என்கிறாயா? கேட்டீர்களா, பந்து கிடைக்காதவனே சொல்லிவிட்டான்!

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். சரியான கேள்விதான். மணிமாறன் இல்லை. நாளைக்கு அதே நிலைமை வந்தால் கடைசி ஓவர் யாருக்கு? நான் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியவர் அங்கே இருக்கிறார். எழுந்திருங்கள் கதிர்காமு. உரக்கச் சொல்லுங்கள்.

என்ன? இன்னொரு முறை.

"செய்குவுக்குத்தான்."

ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? இப்போதுதான் தொண்டை கிழியக் கத்தினீர்களே, அந்த மேனேஜர் வேண்டும் என்று! அவர் வேண்டுமென்றால் அவர் முடிவும் வேண்டும். நாளை அந்தப் பந்து செய்கு முகம்மதுவின் கைக்குப் போகும்போது நான் எழுந்து நிற்பேன். அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டுவேன். முதல் பந்துக்கு முன்னாலேயே தட்டுவேன். ஆறு போனாலும் தட்டுவேன்!

அதோ, வடிவு அக்கா எழுந்துவிட்டார். தட்டுகிறார். அதோ மணிமாறன், ஒற்றைக் கையால் மேசையைத் தட்டுகிறான். அடடா, மொத்த மாடியும் எழுந்துவிட்டதே! தலைவர் அவர்களே, உங்கள் மாடி தாங்குமா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இடம் தந்த தலைவருக்கு நன்றி. என்னைக் கீழே நிற்க வைத்தும் உயிரோடு வைத்திருக்கிற கதிர்காமுவுக்கு நன்றி. எல்லோரும் விடியலில் மைதானத்தில் சந்திப்போம், வணக்கம்! பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, யல்லா, கிளம்புங்கள். செய்கு, நீ என்னோடு முன் சீட்டில் வா.