காற்றில்லாத மாடி

காங்கேயத்திலிருந்து கோவைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பல்லடம் தாண்டும்போது அந்தம்மா சொன்னது காதில் விழுந்தது.

"காத்தே இல்லாம சுத்துற காத்தாடியை நான் அந்தக் கம்பெனி மாடியிலதானுங்க பாத்தேன்."

"மாடியில வெக்கிற சின்னக் காத்தாடி அம்மணி. லேசாக் காத்தடிச்சாலே கரண்டு எடுக்குமாமா. கம்பெனி இப்பத்தான் வளருது, இப்பப் பங்கு வாங்குனாத்தான் உண்டு."

"பக்கத்துக் கொடியில துண்டு காஞ்சுது. அது ஆடவே இல்லீங்க."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். அந்தக் கம்பெனித் தம்பி எவ்வளவு மரியாதையாப் பேசுச்சு."

"மரியாதைக்குக் கொறச்சல் இல்லீங்க. உங்களைக் கீழ உக்கார வெச்சுக் காப்பி குடுத்துச்சு. நான் மாடியிலயே நின்னுட்டு இருந்தேன். கரண்டு போச்சுன்னு நீங்க பேப்பர்ல விசிறிக்கிட்டு இருந்தேன்னு சொன்னீங்களே, அப்ப மேல காத்தாடியும் நின்னுபோச்சு. கரண்டு வந்தப்பறந்தான் மறுபடி சுத்துச்சு."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தூரத்தில் பெரிய காற்றாலைகள் அசையாமல் நின்றிருந்தன. பிறகு அவர் போன் அடித்தது.

"சொல்லுங்க தம்பி. ஆமாங்க, பணத்தோடதானுங்க வாரோம். பஸ்ஸுலதான் இருக்கறோமுங்க."

போனை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "வாரோம்னு சொல்லிப்போட்டு, எப்படி அம்மணி வரலைங்கறது?"

அந்தம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க கண்டக்டரு, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறோமுங்க."

"கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களேம்மா?"

"டிக்கெட் காசு மட்டும் போகட்டுமுங்க."